திறக்கத் தெரிந்த கைகள்

ஜெர்மனியின் யேனா நகரம் சாலே ஆற்றங்கரையில், சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. 1846இல் கார்ல் சைஸ் பட்டறை தொடங்கிய ஊர். மேற்குச் சரிவில் ஒரு வீட்டின் பின்கட்டில் பழைய லென்ஸ்களைப் பழுதுபார்க்கும் பெண்மணியைச் சந்தித்தேன். எழுபது வயதைக் கடந்தவர்; இளமையில் சைஸ் தொழிற்சாலையில் லென்ஸ் பூட்டியவர். ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு அங்கே ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள், இவரும்தான். வேலை போனாலும் தொழிலை விடவில்லை.

மேசையில் 1960களின் 120 மி.மீ. பயோமெட்டார் லென்ஸ் இருந்தது. பென்டகான் சிக்ஸ் கேமராவுக்காக யேனாவில் செய்தது. அந்தக் கேமராவின் படச்சட்டம் 56 மி.மீ. சதுரம், அதற்கு 80 மி.மீ. இயல்பான லென்ஸ். 120 மி.மீ. குவியத்தூரம் அதைவிடச் சற்றே நீளம். முகம் எடுப்பவர் ஓரடி பின்னே நிற்கலாம். மூக்கு பெருத்துத் தெரியாது. ஒளித்துளையை f/2.8 வரை திறந்தால் பின்னணி கரைந்து முகம் மட்டும் துலங்கும்.

இந்த லென்ஸில் குவிய வளையம் அசையவில்லை. உள்ளே கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தது. அதிலிருந்து பிரிந்த எண்ணெய் துளைத் தகடுகளில் படிந்து அவற்றையும் மந்தமாக்கியிருந்தது. முன்வளையத்தைக் கழற்றி, கண்ணாடித் தொகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தார். பிறகு குவியத்தை நகர்த்தும் மரைக்குழலைத் திருகிப் பிரித்தார். இரு பாகங்களும் விடுபடும் புள்ளியை நெருங்கியதும் கை வேகம் குறைந்தது. விடுபட்ட கணத்தில் இரண்டிலும் ஊசியால் கோடு கிழித்தார்.

"இதில் பல மரைகள் பக்கத்தில் பக்கத்தில் தொடங்குகின்றன. எதில் மாட்டினாலும் சுழலும். ஒன்றில்தான் குவியம் சரியாக நிற்கும்" என்றார்.

பழைய கிரீஸைப் பென்சினால் கழுவி, புதிதை மெல்லப் பூசினார். துளைத் தகடுகளுக்கு மட்டும் எதுவும் பூசவில்லை. அவை உலர்ந்தே ஓட வேண்டும்.

பூட்டி முடித்ததும் கேமராவில் மாட்டி, பிலிம் அமரும் இடத்தில் தேய்த்த கண்ணாடியை வைத்தார். லென்ஸ் பொருந்தும் முகப்பிலிருந்து பிலிம் வரை 74.1 மி.மீ.; அதற்கேற்ப, வெகுதொலைவுப் பொருளின் குவியம் (முடிவிலி) சரியாக நிற்க வேண்டும். ஆற்றுக்கு அப்பால் குன்றின்மேல் நிற்கும் ஃபுக்ஸ்டுர்ம் கோபுரத்தை நோக்கித் திருப்பினார். உருப்பெருக்கி வழியே என்னையும் பார்க்கச் சொன்னார். கோபுர விளிம்பு கூர்மையாக நின்றது.

பக்கத்தில் ஓர் இளைஞர் ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். வார இறுதிகளில் வந்து கற்பவர். அடுத்த லென்ஸை அவரிடமே கொடுத்தார் அந்த அம்மா.

இன்று பல பொருள்களைப் பசையால் ஒட்டி மூடிவிடுகிறார்கள். பழுதானால் தூக்கி எறிவதுதான் வழி. யேனாவின் தொழிலாளர்கள் திருகாணியும் மரையும் வைத்து, இன்னொரு கை திறக்கும் என்று நம்பிச் செய்தார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் அறுபது ஆண்டு ஆயுள். லென்ஸைச் சேகரிப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். திறக்கக் கற்பவர்களும் பெருக வேண்டும்.