கோல் பிடித்தவர்

பத்தாம் தரத்து மாணவன் ஒருவன் கைபேசியில் மேலைநாட்டு வாத்தியக் கச்சேரி ஒன்றைக் காட்டி, "சேர், நடுவுல கோலோட நிக்கிறவர் ஒண்டும் வாசிக்கல்லயே, எதுக்கு அவருக்கு இவ்வளவு கைதட்டுறாங்க?" என்று கேட்டான். பெரஹரா மேளத்தையும் பக்கீர் பாவாமாரின் றபானையும் கேட்டு வளர்ந்த கண்டிப் பிள்ளைக்கு இது நியாயமான சந்தேகந்தான்.

வாசிப்பவர் ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் பகுதி மட்டுமே இருக்கும். முழு இசையும் எழுதப்பட்டிருப்பது நெறியாளரின் ஏட்டில். யார் எப்போது தொடங்குவது, யார் தணிவது என்பதை அவரே காட்டுகிறார். ஒபேரா எனும் இசை நாடகத்தில் மேடையில் பாடுவோரையும் கீழே குழியில் வாசிப்போரையும் இணைப்பதும் அவரே. இதற்கான உழைப்பில் பெரும்பகுதி ஒத்திகையில் நடக்கும் என்றேன். வீட்டுக்கு வந்தபின் அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அவர் சுபின் மேத்தா. 1936இல் பம்பாயில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தை மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர். பம்பாய் சிம்பனி இசைக்குழுவை உருவாக்கியவர். மருத்துவக் கல்விக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த சுபின் அதை இடைநடுவில் விட்டு, 1954இல் பதினெட்டு வயதில் வியன்னாவுக்குப் போனார். அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் பயின்றார். 1958இல் லிவர்பூல் போட்டியில் முதலிடம் பெற்றார். 1961இல் மொன்ட்ரியல், 1962இல் லொஸ் ஏஞ்சல்ஸ் என இரு பெரும் இசைக்குழுக்களுக்குப் பொறுப்பேற்றபோது வயது முப்பதைத் தொடவில்லை. பின்னர் நியூயோர்க்கில் பதின்மூன்று வருடங்கள். 1998 முதல் 2006 வரை மியூனிக் நகரின் பவேரிய அரச ஒபேராவில்.

நமது சஞ்சிகையில் இவரைப் பற்றியா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். 1967 யுத்தத்தின்போது இஸ்ரேலுக்கு விரைந்து சென்று இசை நடத்தியவர் இவர். இஸ்ரேல் பில்ஹார்மோனிக்கின் தலைமையிலிருந்து ஓய்வு பெற்றது 2019இல்தான். பலஸ்தீனப் பிள்ளைகளின் நிலையறிந்த எவருக்கும் இது உறுத்தும். எனக்கும் உறுத்துகிறது.

ஆனால் 1994 ஜூனில், முற்றுகைக்குள் கிடந்த சரயேவோவுக்கும் அவர் போனார். 1992இல் குண்டுவீச்சில் எரிந்த தேசிய நூலகத்தின் இடிபாடுகளுக்குள் அந்நகரின் கலைஞர்களைக் கொண்டே மோட்சார்ட்டின் இரங்கல் இசையை நடத்தினார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும், 2018 மார்ச்சில் திகனையில் நமது கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததையும் அறிந்த நமக்கு, சாம்பல் நடுவே மனிதர் கூடிப் பாடுவதன் பொருள் விளங்கும்.

2013 செப்டம்பரில் காஷ்மீரின் ஷாலிமார் தோட்டத்தில் அவர் கோலை உயர்த்தியபோது கதை வேறு. உள்ளே அழைக்கப்பட்ட விருந்தினர்; வெளியே கடும் பாதுகாப்பும் கடையடைப்பும். அதே நாளில் காஷ்மீரிகள் 'ஹகீகத்தே காஷ்மீர்' என்ற பெயரில் தமக்கென ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். இசையில் குறையிருந்திருக்காது. ஆனால் யாருடைய மண்ணில் அது ஒலித்ததோ, அவர்களில் பலர் வேலிக்கு அப்பால் நின்றார்கள்.

இந்த இரண்டு கச்சேரிகளும் என்னைவிட்டு அகலவில்லை. ஒருவரின் திறமையை மெச்சுவதற்காக அவர் யாருடன் நின்றார் என்பதை மறக்க வேண்டியதில்லை. அதை மறக்காதிருப்பதற்காக அவர் செய்த நல்லதை மறைக்கவும் வேண்டியதில்லை. மாணவனுக்கு இரண்டையும் சொல்வதே ஆசிரியனுக்கு அழகு.

எங்கள் பாடசாலையில் அழகியற் பாடமென்றால் சித்திரம் மட்டுந்தான். அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சங்கீத ஆசிரியர் ஒருவரைக் கேட்க எண்ணியிருக்கிறேன். எதிர்ப்பு வரும், மார்க்கத்தின் பெயராலும் வரும், பரீட்சைப் புள்ளியின் பெயராலும் வரும். பொறுமையாகப் பேச வேண்டும். குரலிருந்தும் பாட இடமில்லாத பிள்ளைகள் எங்கள் வகுப்பறைகளில் நிறையவே இருக்கிறார்கள்.