அவர் வந்தாலே ஸ்லோ!

'சிஸ்டம் ஸ்லோ சார்.' எந்தக் கவுன்ட்டரிலும் இந்த மூன்று வார்த்தைகளைக் கேட்காமல் தப்பிக்க முடியாது. சொல்பவர் நம் முகத்தைப் பார்க்க மாட்டார், மின்விசிறியைப் பார்ப்பார். ஏன் ஸ்லோ என்று கேட்டால் பதில்கள் தயார்: பழைய மெஷின், வைரஸ், நெட் சரியில்லை. சில இடங்களில் ஒரு மனிதரைக் கைகாட்டுவார்கள். அப்படிக் கைகாட்டப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம்.

பாரிமுனைப் பக்கம் என் நண்பருக்கு எலெக்ட்ரிக்கல் சாமான் மொத்த வியாபாரம். கடையில் நாலு கம்ப்யூட்டர். ஸ்டாக், பில், பாக்கி எல்லாமே யாரோ எப்போதோ மைக்ரோசாஃப்ட் அக்சஸில் எழுதிக் கொடுத்த ஒரே ஃபைலில். அந்த ஃபைல் குடியிருப்பது உள்ளறை கம்ப்யூட்டரில். மற்ற மூன்றிலும் அது 'இசட் டிரைவ்' என்ற பெயரில் தெரியும். நெட்வொர்க் டிரைவ் என்பார்களே, அது.

காலை ஒன்பதரைக்கு பில்லிங் பையன் வந்து திறந்தால் ஜிவ்வென்று ஓடும். பத்தரைக்குக் கணக்குப்பிள்ளை வந்து, சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு, தன் கம்ப்யூட்டரில் அதே ஃபைலைத் திறப்பார். அத்தோடு சரி. ஒரு பழைய பில்லைத் தேடி எடுக்க முக்கால் நிமிடம். 'சார் வந்துட்டாரு, வாங்க டீ குடிக்கப் போலாம்' என்பது கடையின் நிரந்தர ஜோக். சாருக்கு வயது 59. நண்பரின் அப்பா காலத்து ஆள். பேரேட்டைக் கையால் எழுதிய தலைமுறை.

ஜோக் மெல்ல மெல்ல சீரியஸாகிவிட்டது. 'அவரு எதையோ தப்பா அமுக்கறாருப்பா. வர்ற தீபாவளி போனஸோட கணக்கை முடிச்சு அனுப்பிடலாம்னு இருக்கேன்' என்றார் நண்பர். விஷயம் சார் காதுக்கும் எட்டியிருந்தது. 'நான் என்ன தம்பி பண்றேன்? திறக்கறேன், அவ்வளவுதான்' என்றார் என்னிடம். சொல்லும்போது கைகளை கீபோர்டிலிருந்து தள்ளியே வைத்திருந்தார், சுடும் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்திருப்பது போல.

டேட்டாபேஸ் வேலையிலிருக்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை அவரை அழைத்துப் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் ஃபைலைக் காப்பியெடுத்து பில்லிங் கம்ப்யூட்டரின் சி டிரைவில் போட்டுத் திறந்தார். அதே பில், இரண்டு விநாடி. 'ஃபைலும் மெஷினும் ஓகே.' அடுத்து, எல்லாரையும் வெளியே வரச் சொல்லிவிட்டு, இசட் டிரைவிலிருந்து திறந்தார். மூன்று விநாடி. 'ஒயரும் ஓகே.' பிறகு சாரை சும்மா உட்காரச் சொல்லிவிட்டு, கடைப் பையனைக் கூப்பிட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறக்கச் சொன்னார். உடனே பில்லிங் திரை படுத்துவிட்டது. நாற்பது விநாடி.

'சாருக்கு ராசியில்லைன்னா இந்தத் தம்பிக்கும் ராசியில்லை' என்றார். 'யாரா இருந்தாலும் சரி, ரெண்டாவது ஆள் உள்ளே வந்தா ஸ்லோ.'

நான் பி.காம். எனக்குப் புரிகிற பாஷையில் கேட்டு வாங்கிக்கொண்டது இது. ரெக்கார்டு ரூமில் ஒரு பேரேடு இருக்கிறது. நீங்கள் ஒருவர் மட்டும் கேட்டால் ரூம்காரர், 'எடுத்துட்டுப் போய் உங்க சீட்டில் வெச்சுப் பாருங்க' என்பார். விண்டோஸும் இதைத்தான் செய்கிறது. ஃபைலைத் திறந்தவர் ஒருவரே என்றால், படித்த பக்கங்களை அவர் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ள அனுமதி. இதற்கு 'ஆப்பர்ச்சுனிஸ்டிக் லாக்' என்று பெயர். இரண்டாவது ஆள் அதே பேரேட்டைக் கேட்ட நிமிடம், அந்தச் சலுகை ரத்து. பேரேடு ரூமுக்குத் திரும்பவேண்டும். இனி இருவரும் ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுந்து நடக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் மாற்றியது அடுத்தவருக்குத் தெரியாமல் கணக்கு உதைக்கும்.

இதில் இன்னொரு கூத்து. ரூம்காரருக்குக் கணக்கு தெரியாது. 'முருகன் எலெக்ட்ரிக்கல்ஸ் பாக்கி எவ்வளவு?' என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. பக்கங்களைத்தான் எடுத்துத் தருவார். கூட்டிக் கழிப்பது உங்கள் கம்ப்யூட்டரின் பாடு. அக்சஸ் ஃபைலில் ஒரு பக்கம் என்பது 4 கிலோபைட். இண்டெக்ஸ் இருந்தால் வேண்டிய சில பக்கங்கள் போதும். இல்லையென்றால் முதல் பக்கத்திலிருந்து புரட்டவேண்டும். போதாக்குறைக்கு, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று எழுதிவைக்க அக்சஸ் பக்கத்திலேயே ஒரு குட்டி ஃபைல் வைத்திருக்கும். நண்பரின் புரோகிராம் ஒவ்வொரு பில்லுக்கும் இணைப்பை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த வருகைப் பதிவேட்டில் புதிதாகக் கையெழுத்து!

வைத்தியம் ஒரு மதியத்தில் முடிந்தது. காலையில் திறந்த இணைப்பை மாலைவரை மூடாமல் வைத்திருக்க ஏற்பாடு. பார்ட்டி பெயருக்கும் பில் தேதிக்கும் இண்டெக்ஸ். ஆன்ட்டி வைரஸ் அந்த ஃபைலை ஓயாமல் மோந்து பார்ப்பதற்குத் தடை. நாலு பேரும் உள்ளே இருக்கும்போது ஐந்தாறு விநாடி. செலவு, ஐந்து காபி.

நண்பர் சாரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. முதலாளிகள் கேட்பதில்லை. 'நாளைலேர்ந்து நீங்களே காலையில முதல்ல வந்து திறங்க சார்' என்றார். தீபாவளிக்கு போனஸ் மட்டும் வந்தது. கணக்கு முடிக்கப்படவில்லை.

அடுத்த வருடம் நண்பர் கோயமுத்தூரில் கிளை போட்டார். 'அங்கேயும் இசட் டிரைவைப் போட்டுடலாமா? நெட் ஸ்பீடு நல்லா வாங்கிடறேன்' என்று கேட்டார். அந்தப் பெண் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். கண்ணாடி இழையில் வெளிச்சம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கோவை சுமார் 500 கிலோமீட்டர், போய்வர ஆயிரம். ஒரு நடைக்கு 5 மில்லி விநாடி. ஒரு திரைக்கு இரண்டாயிரம் நடை என்றால் 10 விநாடி, அதுவும் வழியில் எங்கும் தாமதமே இல்லையென்றால். ஸ்பீடு என்று நாம் காசு கொடுத்து வாங்குவது ரோட்டின் அகலம். ஊரின் தூரம் அப்படியேதான் இருக்கும்.

அமெரிக்கக் கடற்படையிலிருந்த கம்ப்யூட்டர் மேதை கிரேஸ் ஹாப்பர், மின்சாரம் ஒரு நானோ விநாடியில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்று காட்ட, சுமார் 30 சென்டிமீட்டர் ஒயர்த் துண்டுகளைக் கூட்டங்களில் விநியோகிப்பார். தூரத்துக்கும் விலை உண்டு என்று கையில் கொடுத்தே புரியவைத்தார்.

கோவைக்காக எல்லாவற்றையும் எஸ்.க்யூ.எல். சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்புக்கு மாற்றினார்கள். அது இலவசம். இப்போது ரெக்கார்டு ரூமில் கணக்கு தெரிந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார். கேள்வி ஒரு வரி போகிறது, பதில் ஒரு வரி வருகிறது.

உங்கள் ஆபீஸிலும் இசட் டிரைவ் ஒன்று இருக்கலாம். புது மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்குமுன் மூன்று தடவை கடிகாரத்தைப் பாருங்கள். காப்பியைச் சொந்த மெஷினில் போட்டு ஒரு தடவை, நெட்வொர்க்கில் தனியாக ஒரு தடவை, இன்னொருவரோடு ஒரு தடவை. பத்து நிமிட வேலை. அதைச் செய்ய ஆளில்லாத இடத்தில்தான் யாராவது ஒருவருக்கு ராசியில்லாமல் போகிறது. பெரும்பாலும் வயதில் மூத்தவருக்கு.