கோதுமைக் குன்றுகளுக்கு நடுவே ஓர் அரங்கம்

சியாட்டலிலிருந்து புல்மனுக்குக் காரில் ஐந்து மணி நேரம். நம் கோலாலம்பூர் - அலோர்ஸ்டார் பயணம் மாதிரிதான். ஆனால், தே தாரிக் குடிக்க ஒதுங்க ஒரு கடை கிடையாது! கடைசி ஒரு மணி நேரம் முழுக்கக் கோதுமைக் குன்றுகள்.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் இந்தச் சிற்றூரில்தான் இருக்கிறது. மக்கள் சுமார் 33,000 பேர். பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து அரங்கிலும் ஏறக்குறைய அத்தனை இருக்கைகள்.

1915இல் வேர்விட்ட மேற்குக்கரைக் கூட்டமைப்பு ‘பேக்-12’. 2024 ஆகஸ்டில் 12 பல்கலைக்கழகங்களில் 10 வெளியேறின. எல்லாம் தொலைக்காட்சிப் பணம். ‘பிக் டென்’ கூட்டமைப்பின் ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கும் மேல் என்கிறார்கள். சியாட்டலின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அங்கே போய்விட்டது. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு சேர்ந்ததோ ‘அட்லாண்டிக் கரை’ கூட்டமைப்பில்! புல்மனும் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் மட்டுமே மிஞ்சின.

வானொலிக்காரியான எனக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. நேயர்கள் குறைவு என்று என் நிகழ்ச்சியை ஒருமுறை நள்ளிரவுக்குத் தள்ளினார்கள். தோட்டத்திலிருந்து வாராவாரம் அழைத்த பாட்டி அப்புறம் அழைக்கவே இல்லை.

பல்கலைக்கழகமே தயாரிக்கும் பாலாடைக்கட்டியை டின்னில் அடைத்து விற்கிறார்கள். வாங்க நின்றபோது ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சியாட்டல் அணியுடனான ஆட்டம் 1900லிருந்து நடக்கிறதாம். நவம்பர்க் குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு பார்த்தது, இப்போது செப்டம்பருக்கு மாறிவிட்டது.

“கம்பளி இன்னும் கார் டிக்கியிலேதான் கிடக்கு” என்றார்.