பேரன் காதில் கேட்ட சத்தம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

சவேரியார் கோயில் திருவிழாவுக்கு மகள் வீட்டுப் பேரன் வந்திருந்தான். பதினோராம் வகுப்பு. நாலு நாளும் காதில் ஹெட்போன்தான். சாப்பிடக் கூப்பிட்டாலும் கேட்காது. "அப்படி என்னத்த மக்ளே கேக்க?" என்றேன். பதில் சொல்லாமல் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டான்.

முதலில் ராம்ஸ்டைன் என்ற ஜெர்மன் குழு. 1994-ல் பெர்லினில் தொடங்கியதாம். அன்றிலிருந்து அதே ஆறு பேர். பாட்டெல்லாம் பெரும்பாலும் ஜெர்மனில்தான். பழைய அச்சாபீசில் மிஷின் ஓடுகிற மாதிரி கிட்டார் ஒரே அளவில் இடிக்கிறது. எனக்குத் தலை வலித்தது. கழற்றப் போனேன். "பாட்டா, அடுத்தது நம்ம நாட்டு ஆளுவ. இத மட்டும் கேளுங்க" என்றான்.

டெல்லியைச் சேர்ந்த பிளட்டிவுட். இதிலும் அதே இடி, அதே உறுமல். ஆனால் அடியில் டோல் அடிக்கிறது, நடுவில் புல்லாங்குழல் வருகிறது. டோலைக் கேட்டதும் எனக்குக் கொடை விழா ஞாபகம் வந்துவிட்டது. சாமி வருகிற நேரம் நையாண்டி மேளக்காரர்கள் தவிலையும் பம்பையையும் முடுக்குவார்களே, நெஞ்சுக்கூட்டுக்குள் அடிப்பது போல இருக்குமே, அதேதான். அதை ரசித்த காதுக்கு இது மட்டும் எப்படி இரைச்சலாகும்? ஹெட்போனைக் கழற்றவில்லை.

பிறகு அவனிடம் கதை கேட்டேன். 2016-ல் கரண் கட்டியார், ஜயந்த் பதுலா என்ற இரண்டு பேர் தொடங்கியது. கரண் வக்கீல் வேலையை விட்டவர். பிரபலமான பாட்டுகளை மெட்டலாக மாற்றி யூடியூபில் கேலி செய்வதுதான் முதலில் அவர்கள் தொழில். 2018-ல் 'அரி அரி' என்ற பாட்டில் பஞ்சாபி நாட்டுப்புற மெட்டைக் கொண்டுவந்தார்கள். ராவுல் கெர் என்பவர் ராப் பாட வந்தார். அதே வருடம் மன அழுத்தத்தில் இருப்பவர்களுக்காக 'ஜீ வீரே' பாடினார்கள். 2019-ல் ஜெர்மனியில் வாக்கன் என்ற கிராமத்தில் நடக்கும் பெரிய மெட்டல் விழாவில் மேடை ஏறினார்கள். 2022-ல் 'ரக்ஷக்', 2025-ல் 'நு டெல்லி' என்று ஆல்பங்கள். கேலியில் தொடங்கியவர்கள், கேலி செய்யப்படும் பிள்ளைகளுக்காக 'எண்டியூரண்ட்' என்று ஒரு பாட்டும் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பாட்டு முடிந்ததும் பேரன் சொன்னான்: "எட்டாங்கிளாசுல என்னைய எல்லாவனும் கிண்டல் பண்ணுவானுவ பாட்டா. அப்ப இதத்தான் கேப்பேன்." வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்தைந்து வருடம் இருக்கும். ஆறாம் வகுப்பில் திக்கிப் பேசும் பையன் ஒருவன். மற்ற பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று என்னிடம் வந்து சொன்னான். என்ன பெயர் என்று கேட்டேன். சிரமப்பட்டுச் சொன்னான். நான் சிரித்துவிட்டேன். சார் சிரித்தால் வகுப்பு சும்மா இருக்குமா? அவன் போய் உட்கார்ந்துகொண்டான். அந்த வருடம் முழுக்க வேறு எதையும் சொல்ல அவன் என் மேஜைப் பக்கம் வரவில்லை. டீச்சர் டிரெயினிங்கில் வகுப்பை அடக்கச் சொல்லித் தந்தார்கள். இதைச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டிய விஷயமும் இல்லை.

மக்ளே, உன் பெயரை இங்கே எழுதமாட்டேன். இதை வாசித்தால் நீதான் என்று உனக்குத் தெரியும். அன்று நான் சிரித்தது தப்பு. கோட்டாறு பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. அதே பழைய வீடுதான்.