ஆறு ஆண்டுக் கணக்கு

கருமத்தம்பட்டியில் நம் வீதியில் விசைத்தறிச் சத்தம் நின்றால்தான் உறக்கம் கலையும். 2019 கோடையில், கூலிக்குத் தறி ஓட்டும் அண்டை வீட்டுக்காரர் மகனோடு வந்தார். பையன் பத்தாம் வகுப்பு தேறியிருந்தான்.

"ஏனுங்க சார், பாலிடெக்னிக்ல சேத்துனா அப்பறமா பெரிய காலேஜுக்குப் போக முடியுங்களா?"

தமிழ் கற்பிக்கும் நமக்கு விரல்விட்டு எண்ணும் கணக்குத்தான் தெரியும். மேல்நிலைப் பள்ளி இரண்டு, பொறியியல் நான்கு, ஆக ஆறு. பட்டயப் படிப்பு மூன்று, பிறகு பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்து மூன்று. அதுவும் ஆறுதான். இடையில் குடும்பம் நொடித்தாலும் பட்டயத்தைக் கொண்டு வேலைக்குப் போகலாம். தகப்பனார் முகம் தெளிந்தது. நமக்கும் சற்றுப் பெருமிதம்.

எண்ணத் தவறியது பாடங்களை. பட்டயப் படிப்பில் அவனுக்குக் கணிதம் முதலாண்டோடு முடிந்தது. அதிலும் இரண்டாம் பருவத்தின் நடுவே 2020 மார்ச் ஊரடங்கு வந்தது. அதன்பின் வரைபடமும் லேத்தும் பட்டறையும்தான். 2022 கலந்தாய்வில் இயந்திரவியலில் இடம் கிடைத்தது. போனதும் எதிர்கொண்டது மூன்றாம் பருவக் கணிதம்: ஃபூரியர் தொடர், பகுதி வகையீட்டுச் சமன்பாடுகள். உடனிருந்தோர் அணிகளையும் நுண்கணிதத்தையும் முதலாண்டில் பயின்று வந்தவர்கள். இவன் அந்த ஆண்டைத் தாண்டிக் குதித்தவன். குதிக்கச் சொன்னவர் நாம்.

"புஸ்தகத்துல நடுவால நாலு பக்கத்தைக் கிழிச்சுட்டுக் குடுத்தாப்புல இருக்குதுங்க சார்" என்றான். அந்தப் பருவம் அரியர் விழுந்தது. இரண்டாம் முறை எழுதித் தேறினான். அதற்குள் எவ்வளவு மெலிந்துவிட்டான்!

மைத்துனர் மகள் கலிபோர்னியாவுக்குப் போனபின்தான் ஒன்றை அறிந்தோம். அங்கே சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துப் பல்கலைக்கழக அறிவியல் துறைக்கு மாறுவோர் பலர். எந்தக் கல்லூரித் தாள் எந்தப் பல்கலைக்கழகத் தாளுக்கு ஈடு என்பதை 'அசிஸ்ட்' என்னும் பொது இணையத்தளம் பட்டியலிட்டிருக்கிறது. அதைப் பார்த்து முதற்பருவத்திலிருந்தே கணிதத்தையும் இயற்பியலையும் வரிசையாக அடுக்கிக்கொள்கிறார்கள். அப்படியொரு பட்டியலை அன்று நாமே உட்கார்ந்து எழுதியிருக்கலாம். இரண்டு பாடத்திட்டங்களும் கேட்டால் கிடைப்பவைதாம், கேட்கத் தோன்றவில்லை.

சென்ற கோடையில் அவன் தங்கை பத்தாம் வகுப்பு முடித்தாள். தகப்பனார் மறுபடி நம்மிடமே வந்தது வியப்பு. இம்முறை விரல்விட்டு எண்ணவில்லை. இரண்டு பாடத்திட்டங்களையும் திண்ணையில் விரித்தோம். அண்ணன் சொல்லச் சொல்ல, பட்டயத்தில் இல்லாத ஒவ்வொரு கணிதப் பகுதிக்கும் அவள் பென்சிலால் குறியிட்டாள். பக்கம் நிறைந்துகொண்டே போயிற்று.

"இத்தனையும் நானே படிச்சுக்கோணுமுங்களா சார்?"

அண்ணன் தன் பழைய நோட்டுகளை எடுத்துவர எழுந்து போனான்.