நாலில் ஒன்று

சாதாரண தரத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் நிகழ்தகவுப் பாடத்தில் சாரா நிகழ்ச்சிகளுக்கு வந்ததும் முகம் தெளிவார்கள். ஒன்றையும் மற்றதையும் பெருக்கினால் விடை வந்துவிடும். மரவரிப்படம் போட்டுக் கிளை கிளையாகப் பெருக்கிப் புள்ளி வாங்கலாம். பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். அந்தப் பாடம் பரீட்சை மண்டபத்தோடு முடிவதில்லை. இன்னும் சில வருடங்களில் உங்கள் வீடுகளில் கல்யாணப் பேச்சு எழும். அதற்கு முன்பே இதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயைப் பற்றித்தான் பேசுகிறேன். இரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கிற ஹீமோகுளோபினை உண்டாக்கும் பரம்பரையலகு நமக்குத் தாய் வழியில் ஒன்று, தகப்பன் வழியில் ஒன்று என வருகிறது. இரண்டில் ஒன்று மட்டும் பழுதென்றால் அவர் காவி. அவருக்கு நோய் இல்லை. மலையேறிக் கொழுந்து எடுப்பார், பந்து விளையாடுவார், தான் காவி என்பது தெரியாமலே பேரப்பிள்ளைகளைக் காண்பார். இரண்டும் பழுதாக வந்த பிள்ளையின் கதை வேறு. பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் முகம் வெளிறும், மண்ணீரல் வீங்கி வயிறு முன்னுக்குத் தள்ளும். அதன்பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க.

மடுல்சீமையிலோ லுணுகலையிலோ இருக்கிற தாய் அதற்காக விடிய முன் பிள்ளையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு பதுளை பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அன்றைக்குப் பேர் கிடையாது, நாட்சம்பளமும் கிடையாது. ஏற்றிய இரத்தத்தோடு இரும்புச்சத்தும் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியேற்றாவிட்டால் இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். இப்போது அதற்குக் குளிசை உண்டு. ஆனால் நீண்ட காலம் ஊசிதான் வழியாக இருந்தது. வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைக் குத்தி, கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பம்பைத் துணியால் இடுப்போடு கட்டி, இரவு முழுக்க மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க விடுவார்கள். ஒரே காம்பராவில் நாலைந்து பேர் படுக்கிற லயத்து வீட்டில், பிள்ளை புரண்டு ஊசி கழன்றுவிடாமல் தாய் பக்கத்தில் கண் மூடாமல் கிடப்பாள்.

இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, சராசரியாக 100க்கு 2.2 பேர் பீட்டா தலசீமியாக் காவிகள் என்று கண்டது. 45 பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பறைக்கு ஒருவர். அந்த அளவுக்கு இந்தப் பழுது பரவக் காரணம் மலேரியா. காவிகளை மலேரியா அவ்வளவாகக் கொல்லாது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் பிழைத்தார்கள். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. மலேரியா போனாலும் பழுது நம் இரத்தத்திலேயே தங்கிவிட்டது.

இனிக் கணக்குக்கு வருவோம். கணவனும் மனைவியும் காவிகள் என்றால் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒன்று வாய்ப்பு. கிளினிக்கில் இதைக் கேட்ட தாய் வீட்டுக்குப் போய் விரல் விட்டு எண்ணுவாள்: நாலில் ஒன்று வந்தாகிவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை. படித்த பையன்களும் இப்படியே எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளே, ஒவ்வொரு கருவும் தனிக் கணக்கு. முதல் பிள்ளைக்கு நோய் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த பிள்ளைக்கு அதே நாலில் ஒன்றுதான். இரண்டு பிள்ளையும் தப்புகிற வாய்ப்பு முக்காலை முக்காலால் பெருக்கினால் வருகிற 9/16. அதாவது ஒருவருக்காவது நோய் வருகிற வாய்ப்பு 7/16, ஏறக்குறையப் பாதி. மூன்று பிள்ளை என்றால் 37/64, பாதிக்கும் மேல். இதையே மறுபக்கமாகப் பாருங்கள்: ‘எங்களுக்கு இரண்டு பிள்ளையும் கல்லு மாதிரி இருக்கிறது, எங்கள் இரத்தத்தில் குறையில்லை’ என்று சொல்லவும் வழியில்லை. இருவரும் காவிகளாக இருந்தும் 16இல் 9 தடவை அப்படித்தான் அமையும்.

இதுவரை பெருக்கியது சரி. இனித்தான் கவனம் வேண்டும். அந்நியத்தில் கட்டுகிற ஒரு பையனும் பெண்ணும் இருவருமே காவிகளாக இருக்கிற வாய்ப்பு 1/45 தர 1/45. அதாவது 2025இல் ஒன்று. அவர்கள் பிள்ளைக்கு நோய் வர 8100இல் ஒன்று. ஆனால் நம் சனம் அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற சனம். அங்கே இரண்டு பேருடைய இரத்தமும் ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வருகிறது. ஒருவர் காவியென்றால் மற்றவரும் காவியாக இருக்கிற வாய்ப்புக் கூடுகிறது. அவை சாரா நிகழ்ச்சிகள் அல்ல. 1/45ஐ 1/45ஆல் பெருக்க உங்களுக்கு உரிமையே இல்லை.

ஒரு வீட்டில் தங்கைக்குத் தலசீமியா, அண்ணன் நல்ல சுகமாக இருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் காவியாக இருக்கிற வாய்ப்பு அரை அல்ல. நாலு வழியில் நோய்க்குரிய வழி அவனுக்கு இல்லையென்று தெரிந்துவிட்டது. மீதி மூன்றில் இரண்டு காவி. ஆகவே 2/3. அவனுக்கு அத்தை மகளைப் பேசுகிறார்கள். தகப்பன் காவி என்பது நிச்சயம். அவருடைய தங்கை காவியாக இருக்க அரை, அவள் மகள் காவியாக இருக்கக் கால். இருவரும் காவிகளானால் பிள்ளைக்கு நோய் வர இன்னொரு கால். 2/3 தர 1/4 தர 1/4. விடை 1/24. 8100இல் ஒன்றாக இருந்தது 24இல் ஒன்றாகிறது. முந்நூறு மடங்குக்கு மேல்.

பெருக்கக் கூடாததைப் பெருக்கிய கணக்கும் சேர்ந்து இங்கிலாந்தில் ஒரு தாயைச் சிறைக்கே அனுப்பியது. சாலி கிளார்க்கின் இரண்டு கைக்குழந்தைகள், 1996இலும் 1998இலும், திடீரென்று இறந்தன. அப்படியொரு குடும்பத்தில் குழந்தை திடீரென்று இறக்க 8543இல் ஒரு வாய்ப்பு, ஆகவே இரண்டு இறக்க அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கு, 7.3 கோடியில் ஒன்று என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார் பேராசிரியர் ரோய் மெடோ. குழந்தைகளைக் கொன்றாள் என்று 1999இல் அவளுக்கு ஆயுள் தண்டனை. ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகளுக்கு ஒரே பரம்பரைக் காரணம் இருக்கலாம், அப்படிப் பெருக்குவது செல்லாது என்று 2001இல் அரச புள்ளிவிவரவியல் சங்கம் பகிரங்கமாகச் சொன்னது. 2003இல் விடுதலையானாள், 2007இல் இறந்துபோனாள். நம் லயங்களில் நீதிமன்றம் தேவைப்படுவதில்லை. ‘இவள் வயிறு சரியில்லை’ என்று மாமியார் சொன்னாலே தீர்ப்பாகிவிடுகிறது. இரண்டு பழுதில் ஒன்று அந்த மாமியாரின் மகன் கொடுத்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

முறைப்பெண்ணைக் கட்டாதே என்று நான் சொல்லவில்லை. உறவு விட்டுப்போகக் கூடாது என்று பெரியவர்கள் நினைப்பதில் எனக்கும் மரியாதை உண்டு. காவியை, காவி அல்லாதவர் கட்டினால் பிள்ளைக்கு இந்த நோய் வராது. தடை இருப்பது இரண்டு காவிகளுக்கு நடுவில் மட்டும். அதை அறிய கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்தால் போதும். தோட்டத்தில் ‘இரத்தம் குறைவு’ என்று எல்லாருக்கும் ஒரே இரும்புக் குளிசையைக் கொடுத்து அனுப்புகிற பழக்கம் இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தாலும் சிவப்பணு சிறுக்கும், காவியாக இருந்தாலும் சிறுக்கும். குளிசை குடித்தும் அணு சிறுத்தே இருந்தால், ஹீமோகுளோபினின் அளவை மட்டுமல்ல, வகையையும் பார்க்கிற பரிசோதனை வேண்டுமென்று டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பே பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டுச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. கரு தங்கிய பிறகு தெரிந்துகொண்டால் தாயும் தகப்பனும் கவலைப்படத்தான் முடியும். பெண்பிள்ளைகளை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பினால் அவர்கள் பேருக்குக் களங்கம் வரும். வகுப்பே சேர்ந்து போனால் யாருக்கும் வராது. முதலில் போக வேண்டியவர்கள் யாரென்று கேட்டால், நோயுள்ள பிள்ளை இருக்கிற வீட்டைச் சேர்ந்தவர்கள்: அந்தப் பிள்ளையின் அண்ணன், அக்கா, சித்தப்பா, மாமா, அத்தை மகள், மாமன் மகன்.