நடுவில் விடப்பட்ட இடம்



பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களில் பெரும்பாலும் ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்கும். உங்கள் வீட்டிலும் கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ அப்படி ஒன்று இருக்கக்கூடும். அதைத் திறந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று நினைத்துப் பாருங்கள். சென்ற டிசம்பர் மாதத்தில் எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்தபோது நேர்ந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதற்காக உங்களை ஐதராபாத்தின் சில தெருக்களுக்கும் அழைத்துச் செல்கிறேன்.

நாங்கள் குடியிருப்பது செகந்திராபாத்தில். ஹுசேன் சாகர் ஏரிக்குத் தெற்கே உள்ள ஐதராபாத், 1591-இல் சார்மினாரைச் சுற்றி எழும்பிய சுல்தான்களின் நகரம். ஏரிக்கு வடக்கே உள்ள செகந்திராபாத்தோ, 1806-இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைப் பெற்ற இராணுவக் குடியிருப்பு. மதராஸ் படைப்பிரிவுகளோடு வந்த தமிழர்கள் இங்கே வேரூன்றினார்கள். பின்னர் இரயில்வே வேலைக்காக அநேகர் வந்தார்கள். நாசரேத்துக்கு அருகேயுள்ள ஒரு கிராமத்திலிருந்து 1968-இல் வந்த என் தகப்பனாரும் அவர்களில் ஒருவர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1966 அக்டோபரில், இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய இரயில்வே உருவாகியிருந்தது. லாலாகுடா இரயில்வே பணிமனையில் அவர் கால் நூற்றாண்டுக் காலம் உழைத்தார்.

என் தாயார் மிஷன் பள்ளியில் படித்தவர்; ஊசி வேலையில் கைதேர்ந்தவர். தென் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவப் பெண்களின் கையில் ஊசியும் நூலும் ஏறிய வரலாற்றை உங்களில் சிலர் அறிவீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது, அந்தக் கைத்தொழிலும் உடன் சென்றது. அந்த வழியில் வந்த தையல்தான் என் தாயாருடையது.

தகப்பனார் 1994-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடுத்த ஆண்டில் தாயார் ஓர் ஒட்டுத்துணிப் போர்வையைத் தைக்கத் தொடங்கினார். தமது பழைய வெள்ளைச் சேலையை நான்காக மடித்து அடித்துணியாக்கி, அதன்மேல் ஓரத்திலிருந்து உட்புறமாகத் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே வந்தார். என் பள்ளிக்கூடச் சட்டை, தங்கையின் பாவாடை, எங்கள் முதல் வாடகை வீட்டின் ஜன்னல் திரை என ஒவ்வொன்றும் அதில் இடம் பெற்றது. நடுவில் மாத்திரம் ஒரு தலையணை அளவுக்கு இடம் விட்டிருந்தார். அது தகப்பனாரின் நீல நிறப் பணிமனைச் சட்டைக்கான இடம்.

அந்தச் சட்டை என்னிடம் இருந்தது. வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து ஊழியத்தில் புதிதாக இறங்கியிருந்த நான், அதை என் பெட்டியில் மடித்து வைத்திருந்தேன். "எய்யா, அப்பா சட்டையைத் தந்தால் நடுவை முடித்துவிடுவேன்" என்று தாயார் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "பிறகு தருகிறேன் அம்மா" என்றேன். ஊழியப் பயணங்கள் அதிகம் என்று காரணமும் சொன்னேன். அது உண்மையான காரணம் அல்ல. அந்தச் சட்டையில் கத்திரிக்கோல் படுவதை என் மனம் தாங்கவில்லை. அதைத் தாயாரிடம் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. 2001-இல் அவரும் கடந்துசென்றார். போர்வையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம்.

சென்ற டிசம்பரில், திருமணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த என் மகள் அதை வெளியே எடுத்தாள். கடைசித் தையலில் ஊசி அப்படியே குத்தியிருந்தது. அதைச் சுற்றித் துரு ஒரு வட்டமாகப் படர்ந்திருந்தது. "அப்பா, ஆச்சி ஏன் நடுவில் இடம் விட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டாள். பதில் தெரிந்திருந்தும் என் நா எழவில்லை. "இதை முடித்து என்னோடு கொண்டுபோகிறேன்" என்றாள் அவள்.

அவ்வாவின் திண்ணையில்

முடிப்பது எப்படி என்று கேட்க, லாலாகுடாவில் எங்களுக்கு அறிமுகமான ஒரு முதிய தெலுங்குச் சகோதரியிடம் சென்றோம். அவரை எல்லாரும் அவ்வா என்றே அழைப்பார்கள். தெலங்கானா கிராமத்திலிருந்து வந்தவர். அவர்கள் இத்தகைய போர்வையை 'பொந்த' என்கிறார்கள். ரஜாய் என்பது வேறு. அதற்குள் பஞ்சு இருக்கும். முற்காலத்தில் குளிர்காலம் வந்தால் வில் போன்ற கருவியால் பஞ்சு அடிப்பவர்கள் தெருத்தெருவாக வருவார்கள். ஆந்திர, தெலங்கானா பகுதிகளில் 'தூதேகுல' என்று ஒரு சமூகத்துக்குப் பெயர் வந்ததே பஞ்சு அடிக்கும் தொழிலால்தான். பொந்தவுக்கோ பஞ்சு வேண்டாம். பழைய சேலைகளை அடுக்கடுக்காக வைத்து, எல்லா அடுக்குகளிலும் ஊசி இறங்கும்படி நெருக்கமாக ஓட்டித் தைத்தால் போதும்.

அவ்வா போர்வையை மடியில் விரித்து, கண்ணாடியை உயர்த்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஐயகாரு, முதலில் இரண்டு நாள் வெயில் காட்டுங்கள்" என்றார். பின்பு ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் மெல்ல இழுத்துப் பார்த்தார். சில இடங்களில் நூல் பொடிந்து வந்தது. நெடுநாள் கிடந்த பருத்தி நூல் வலுவிழக்கும். மடித்து வைத்திருந்தால் மடிப்பு விழுந்த இடங்களில் துணியே கிழிந்திருக்கும், சுருட்டி வைத்ததால் தப்பியது என்றார். விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடரக்கூடாது; கடைசி இரண்டு மூன்று வரிசைகளைப் பிரித்து, நூல் உறுதியாயிருக்கும் இடம்வரை பின்னுக்குச் சென்று அங்கிருந்து தொடங்கவேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். சாயம் போகுமா என்று அறிய, ஓரத்தைச் சிறிது நனைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தார்.

நடுவுக்குக் கடையில் நீலத் துணி வாங்கிவிடலாமா என்று நான் கேட்டேன். என் உள்நோக்கம் உங்களுக்குப் புரிந்திருக்கும். அவ்வா தலையசைத்து மறுத்தார். புதுத்துணி துவைத்தால் சுருங்கும். சுருங்கும்போது தன்னைச் சுற்றியுள்ள பழைய துணியை இழுத்துக் கிழிக்கும் என்றார். கோடித்துணியைப் பழைய வஸ்திரத்தில் இணைப்பதைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அதன் நியாயத்தை ஒரு திண்ணையில், ஊசி பிடித்த கையிலிருந்து அன்றுதான் கண்டேன். "பழைய சட்டை ஏதும் வீட்டில் இல்லையா?" என்று அவ்வா கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்தேன்.

பஞ்சாரா ஹில்ஸும் சித்தேரி மலையடிவாரமும்

மறுவாரம் ஒரு நோயாளியைச் சந்தித்து ஜெபிக்கப் பஞ்சாரா ஹில்ஸ் பகுதிக்குச் சென்றேன். இன்று செல்வந்தர்களின் மாளிகைகளும் பெரிய மருத்துவமனைகளும் நிறைந்த அந்தக் குன்றுகளின் பெயர், லம்பாடிகள் எனப்படும் பஞ்சாரா மக்களால் வந்தது. பொதிமாடுகளின்மேல் தானியமும் உப்பும் ஏற்றிப் படைகளுக்கும் ஊர்களுக்கும் கொண்டுசென்றவர்கள் அவர்கள். இரயில் பாதைகள் வந்தபோது அந்த வாணிபம் அழிந்தது. என் தகப்பனார் சோறு உண்ட அதே இரயில் அவர்களுடைய தொழிலை எடுத்துக்கொண்டது என்பதை அந்தச் சாலையில் நின்று எண்ணிப் பார்த்தேன். கண்ணாடிச் சில்லுகள் பதித்த அவர்களுடைய ஊசி வேலை மாத்திரம் நிலைத்தது.

அதுவும் எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. தமிழ்நாட்டில், தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் வாழும் லம்பாடிப் பெண்கள் தங்கள் உடையை மாற்றிக்கொண்டபோது ஊசி வேலையையும் கைவிட்டார்கள். மூதாட்டிகள் சிலருக்கு மாத்திரம் அது தெரிந்திருந்தது. அங்கே 1993-இல் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி மருத்துவர் லலிதாவும் பழங்குடியினருக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். 2000-களில் மருத்துவர் லலிதாவின் ஊக்கத்தால், பெட்டிகளில் கிடந்த பழைய துணிகளை முன்மாதிரியாக வைத்து, மூதாட்டிகள் இளம்பெண்களுக்குத் தையல்களைக் கற்றுக்கொடுத்தார்கள். அதிலிருந்து 'பொர்காய்' என்னும் கைவினைஞர் அமைப்பு எழும்பியது. லம்பாடி மொழியில் அதற்குப் பெருமிதம் என்று பொருள். பெட்டியில் பத்திரமாக இருந்த துணி தானாக யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒருவர் அதை வெளியே எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கவேண்டியிருந்தது.

பத்தர்கட்டியில் ஒரு மாலை

சில நாட்களுக்குப் பின், திருமணச் சேலை வாங்கப் பழைய நகரத்துக்குச் சென்றோம். பத்தர்கட்டியின் கல் வளைவுகளுக்குக் கீழே வரிசையாகத் துணிக்கடைகள் உண்டு. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் சார்மினார். அதற்கு அப்பால் மெக்கா மசூதி. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகம்மது குதுப் ஷா காலத்தில் தொடங்கிய அந்தக் கட்டடம் அவர் நாளில் முடியவில்லை. அவர் மகன் நாளிலும் முடியவில்லை. 1687-இல் கோல்கொண்டாவைப் பிடித்துக் குதுப் ஷாஹி ஆட்சிக்கு முடிவுகட்டிய ஔரங்கசீப்பின் நாளில்தான், 1694-இல், அது நிறைவடைந்தது. தொடங்கிய கையும் முடித்த கையும் ஒன்றல்ல. அவை உறவானவையும் அல்ல. எங்கள் வீட்டிலோ தொடங்கியவரின் பேத்தியே முடிக்க ஆயத்தமாய் நிற்கிறாள். தடையாக நிற்பவன் நான் ஒருவனே என்பது அங்கே எனக்கு விளங்கிற்று.

அன்று இரவு உணவுக்குப் பின் என் பெட்டியிலிருந்து சட்டையை எடுத்து வந்து மகளிடமும் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சி மூன்று முறை கேட்டதையும், நான் சொன்ன காரணம் பொய் என்பதையும் சொன்னேன். மகள் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரங்கழித்துக் கத்திரிக்கோலை என் கையில் கொடுத்தாள். "நீங்களே வெட்டுங்கள் அப்பா" என்றாள்.

மார்புப் பையோடு சேர்த்து முன்பக்கத்தை வெட்டினேன். முப்பது ஆண்டுகளாக நான் அஞ்சிய காரியம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அதன்பின் பல மாலைகள் அவ்வாவும் என் மனைவியும் மகளும் சேர்ந்து தைத்தார்கள். தாயாரின் தையல் பொடியாகவும் சீராகவும் இருந்தது. இவர்களுடையது சற்றுப் பெரிது. பழைய நூல் பழுத்த நிறம், புதியது வெள்ளை. எந்த இடத்தில் கை மாறியது என்று பார்த்தவுடனே தெரியும். அவ்வா அதை மறைக்க முயலவில்லை. ஒரு வரிசையை நானும் தைத்தேன். அது கோணலாகப் போயிற்று. பிரித்துவிடுங்கள் என்றேன், மகள் விடவில்லை. துருக்கறையும் போகவில்லை. ஜனவரியில் அந்தப் போர்வை என் மகளோடு புனேவுக்குச் சென்றது.

பிரியமானவர்களே, யோப்பாவில் தொற்காள் மரித்தபோது, அவள் தைத்துக் கொடுத்த வஸ்திரங்களை விதவைகள் அழுதுகொண்டே காட்டியதை அறிவீர்கள். பாதியில் நின்ற வஸ்திரம் ஒன்றும் அவள் வீட்டில் இருந்திருக்கும் என்று இப்பொழுது எண்ணுகிறேன். மற்றவர்களுக்காக உழைக்கிறவர்கள் எல்லா வேலையையும் முடித்துவிட்டுப் போவதில்லை. ஆனால் என் தாயாரின் வேலை பாதியில் நின்றது அவருக்கு நாள் போதாததினால் அல்ல, நான் கொடுக்காததினால். அந்தச் சட்டையைக் காப்பதே தகப்பனாருக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணினேன். அதற்காகவே காத்திருந்த தாயாரை மறந்தேன்.

ஆகையால் இந்த வாரம் உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாதியில் நின்ற வேலை இருக்குமானால் வெயிலில் போடுங்கள். உறுதியான நூல் இருக்கும் இடம்வரை பின்னுக்குச் சென்று தொடங்குங்கள். உங்களிடம் ஒன்றைக் கேட்டுக் காத்திருக்கிறவர் இன்னும் உயிரோடிருப்பாரானால், பெட்டியைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவரிடம் செல்லுங்கள்.